விரதமும் பட்டினியும்: கொழும்பில் மகன், கொழுந்து மலையில் அம்மா

எனக்கு எழுதிக் கேட்ட ஒரு தம்பியின் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கொழும்பில் கணக்கு வேலை பார்க்கிறார். ஆறு மாதமாகப் பகல் பன்னிரண்டு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரைதான் சாப்பிடுகிறார், மீதிப் பதினாறு மணித்தியாலம் வெறும் தண்ணீர். ஏழு கிலோ குறைந்திருக்கிறது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அம்மா இருக்கிறார். 1974இல் பிறந்தவர், இன்னும் கொழுந்து எடுக்கிறார், நான்கு வருடமாகச் சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறார். அவரையும் இந்த முறைக்குக் கொண்டுவரலாமா என்பது ஒரு கேள்வி. ஆதி மனிதன் ஒரு வேளைதான் சாப்பிட்டான், மூன்று வேளைச் சாப்பாடு பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம் என்கிறார்களே, அது உண்மையா என்பது மற்றது.

அம்மாவின் விஷயத்துக்கே முதலில் வருகிறேன். இதைப் படித்து முடிக்கும் முன்பே நீங்கள் அவருக்குத் தொலைபேசி எடுத்துவிடக்கூடும். வேண்டாம் தம்பி. அவர் போடும் குளிசையின் பெயர் தெரியாமல் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட நிறுத்தச் சொல்லாதீர்கள்.

நான் தலவாக்கலைப் பக்கத்து லயமொன்றில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவள். முப்பத்துநான்கு வருடம் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன், அதில் பன்னிரண்டு வருடம் நீரிழிவுக் கிளினிக்கில். இரத்தம் எடுக்கும் நாளில் "விடிய ஒன்றும் சாப்பிடாமல் வாருங்கள்" என்று கொப்பியில் எழுதி அனுப்புவோம். அப்படியொரு நாள் மேல் டிவிசனிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். ஐந்து மணிக்கே புறப்பட்டு, மூன்று மைல் இறங்கி, பஸ் பிடித்து வந்தவர். ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனால் குளிசையை மட்டும் போட்டுக்கொண்டார். "என்ன நடந்தாலும் குளிசையை விடக் கூடாது" என்று போன மாதம் நாங்கள்தானே அவரைக் கண்டித்திருந்தோம். பத்து மணியாகியும் வரிசை நகரவில்லை. வாங்கில் இருந்தவருக்கு முதலில் வியர்த்தது, குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டருக்கு உள்ளே சட்டை நனைந்துவிட்டது. பிறகு கை நடுங்கியது. பக்கத்தில் இருந்தவரைக் காரணமில்லாமல் திட்டத் தொடங்கினார், தலை ஆடியது. ஒருவர் சாமி வந்துவிட்டது என்று கைகூப்பினார், இன்னொருவர் கைப்பையில் திருநீறு தேடினார். விரல் நுனியில் குத்திப் பார்த்தால் சீனி 41. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்தோம். கால் மணித்தியாலத்தில் சாமி மலையேறியது. கண் தெளிந்ததும் அவர் கேட்டது, "என்னுடைய நம்பர் போய்விட்டதா?"

பிழை எங்களுடையது. சாப்பிடாமல் வா என்று எழுதினோம், குளிசையைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் போட வேண்டும் என்று எழுதவில்லை. அதன் பிறகு கொப்பியில் சிவப்புப் பேனையால் இரண்டாவது வரியையும் எழுதத் தொடங்கினோம்.

கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் என்ற வகைக் குளிசைகள் கணையத்தைப் பிழிந்து, இரத்தச் சீனியை இறக்கும் இன்சுலினை வெளியேற்றுகின்றன. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. இன்சுலின் ஊசிக்கும் இதே கதைதான். மெட்ஃபோர்மின் மட்டும் போடுகிறவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. எம்பாகிளிஃப்ளோசின் போன்ற புது வகைகள் சீனியைச் சிறுநீரோடு வெளியேற்றுகின்றன. அவற்றைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பட்டினி கிடந்தால், இரத்தச் சீனி பெரிதாக ஏறாமலே, கொழுப்பு கரைந்து வரும் கீட்டோன் அமிலம் பெருகி ஆளை விழுத்திவிடலாம். எனவே "சீனி வருத்தக்காரர் விரதம் இருக்கலாமா" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் பதில் இருக்கிறது. அதுவும் அம்மாவுக்கு மயக்கம் வரப்போகும் இடம் வாங்கு அல்ல, சரிவு. முதுகில் கொழுந்துக் கூடை, காலடியில் ஈரக்கல், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் இல்லாத நிரை.

இனி உங்கள் பதினாறு மணித்தியாலத்தில் உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். இதை எங்கள் வீட்டுக் குசினியை வைத்தே சொல்லலாம். அடுப்புப் பக்கத்தில் ஒரு சின்ன அரிசி டின் இருக்கும், அன்றாடச் செலவுக்கு. காம்பராவின் மூலையில் மூட்டை இருக்கும். ஈரல்தான் அந்த டின். அதில் கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் ஏறக்குறைய 100 கிராம் மாச்சத்து கொள்ளும், கலோரியில் சொன்னால் 400. மூட்டை என்பது கொழுப்பு. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி கிடக்கிறது. மெலிந்த ஆளிடமும் பல கிலோ இருக்கும். மூளை மட்டும் ஒரு நாளைக்கு 120 கிராம் அளவு குளுக்கோஸ் கேட்கிறது. ஆகவே இரவுச் சாப்பாடு முடிந்து பத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்தில் டின் நன்றாக இறங்கியிருக்கும். அப்போது இன்சுலின் தாழ்ந்திருக்கும். இன்சுலின் தாழ்ந்தால்தான் மூட்டையின் கட்டு நன்றாக அவிழும். கொழுப்பு கரையும், ஈரல் அதிலிருந்து கீட்டோன் செய்யும், மூளையும் மெல்ல மெல்ல அதற்குப் பழகும். நாள் முழுக்க எதையாவது கடித்துக்கொண்டே இருக்கிறவரிடம் டின் காலியாவதே இல்லை, மூட்டையும் அவ்வளவாக அவிழ்வதில்லை. இடைவெளி விட்டுச் சாப்பிடுவதில் உள்ள நியாயம் இவ்வளவுதான். அது உண்மையான நியாயம்.

இதற்கு மேல் ஏற்றிச் சொல்லப்படுவதில்தான் எனக்குச் சந்தேகம். பதினாறாவது மணித்தியாலத்தில் செல்கள் தம்மைத் தாமே சுத்தம் செய்யத் தொடங்கும், அதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள் என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். ஜப்பானைச் சேர்ந்த யொஷினொரி ஓசுமிக்கு 2016இல் மருத்துவ நோபல் கிடைத்தது உண்மை. செல் தன் பழுதான பாகங்களைத் தானே தின்று செரிக்கும் முறையை அவர் துலக்கினார். ஆனால் அவர் பட்டினி போட்டது ஈஸ்ட்டை, நம் பாண் பேக்கரியில் மாவைப் பொங்கவைக்கும் அதே ஈஸ்ட்டை. அதிலிருந்து கொழும்பில் இருக்கும் ஒரு கணக்கருக்கு மணிக்கணக்கு வகுப்பது, பேக்கரியின் நேர அட்டவணையை வைத்து பஸ் ஓட்டுவது போல.

மனிதர்களை வைத்துச் செய்த சோதனைகள் இன்னும் அடக்கமாகத்தான் பேசுகின்றன. 2020இல் அமெரிக்காவில் 116 பேரை வைத்து நடந்த ஒரு சோதனையில், உங்களைப் போலவே பகல் பன்னிரண்டு முதல் இரவு எட்டு வரை சாப்பிட்டவர்களும் வழமைபோல மூன்று வேளை சாப்பிட்டவர்களும் பன்னிரண்டு கிழமை முடிவில் எடைக் குறைவில் பெரிதாக வேறுபடவில்லை. போன எடையிலும் கொழுப்பல்லாத பங்கு, அதாவது தசையும் சேர்ந்த பங்கு, கணிசமாக இருந்தது. 2022இல் சீனாவின் குவாங்சௌ நகரில் 139 பேரை ஒரு வருடம் பார்த்தார்கள். எல்லாருக்கும் ஒரே கலோரிக் கட்டுப்பாடு, பாதிப் பேருக்கு மட்டும் காலை எட்டு முதல் மாலை நான்கு வரை என்ற நேரக் கட்டுப்பாடும் கூட. நேரக் கட்டுப்பாடும் இருந்தவர்களுக்கு 8 கிலோ, மற்றவர்களுக்கு 6.3 கிலோ குறைந்தது, அந்த இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான். உங்கள் ஏழு கிலோவும் பெரும்பாலும் இப்படிப் போனதுதான். காலைப் பாணும், பத்து மணிப் பணிஸும், இரவு பத்து மணிக்குப் படம் பார்த்துக்கொண்டு கொறித்ததும் நின்றுவிட்டன. கதவைச் சாத்தினீர்கள், சாப்பாடு குறைந்தது. அது சின்ன விஷயமில்லை. எண்ணிச் சாப்பிட முடியாதவருக்கு மணி பார்த்துச் சாப்பிடுவது இலகு. உங்களுக்கு அது பொருந்தியிருக்கிறது, தொடருங்கள்.

என் மனதைத் தொட்ட சோதனை மிகச் சிறியது. 2018இல் வெளிவந்தது, நீரிழிவின் விளிம்பில் நின்ற எட்டே எட்டு ஆண்கள். ஐந்து கிழமைக்கு அவர்கள் ஒரு நாள் சாப்பாடு முழுவதையும் காலையிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் முடித்தார்கள், இரவுச் சாப்பாடு பிற்பகல் மூன்று மணிக்கு முன். எடை குறையாதபடி நிறைவாகவே சாப்பாடு கொடுத்தார்கள். அப்படியிருந்தும் இன்சுலின் வேலை செய்யும் திறன் கூடியது, இரத்த அழுத்தம் இறங்கியது. எட்டுப் பேரை வைத்து ஊருக்குச் சட்டம் போட முடியாதுதான். ஆனால் அதே சோற்றைக் காலையில் சாப்பிட்டால் ஏறும் சீனியைவிட இரவில் சாப்பிட்டால் அதிகம் ஏறுகிறது என்பது பல முறை பார்க்கப்பட்ட விஷயம். இருட்டியதும் கணையமும் வேலை முடித்துக் கொட்டாவி விடுகிறது.

இதில் எனக்குச் சிரிப்பு வருவது ஒன்றுதான். நம் மலைகளில் ஒவ்வொரு விகாரையிலும் பிக்குமார் நடுப்பகலுக்குப் பின் திட உணவு தொடுவதில்லை. புத்தர் காலத்திலிருந்து வரும் விதி அது. போயா தினத்தில் சில் எடுக்கும், அதாவது அன்றைக்கு ஒழுக்க விதிகளை ஏற்கும், சாதாரண சனங்களும் அன்றைக்கு அப்படியே இருப்பார்கள். மாலையில் சீனி போட்ட தேநீர் உண்டு, அது வேறு கதை. சமணர் பொழுது சாய்ந்த பின் உண்பதில்லை. இவர்கள் யாரும் எடை குறைக்கப் புறப்பட்டவர்கள் அல்லர்.

ஆதி மனிதன் ஒரு வேளை சாப்பிட்டானா என்றால், அவனுக்கு வேளையே இல்லை என்பதுதான் பதில். கிடைத்தபோது சாப்பிட்டான், கிடைக்காதபோது கிடந்தான். நம் உடம்பு பட்டினியைத் தாங்கத் தெரிந்த உடம்பு என்பது சரி. பட்டினியை விரும்பும் உடம்பு என்று அதிலிருந்து முடிவெடுப்பது சரியில்லை. குளிரில் நடுங்கத் தெரிகிறது என்பதற்காக நுவரெலியாவில் ஜனவரி மாதம் யாரும் சட்டையில்லாமல் படுப்பதில்லை.

மூன்று வேளை என்பது வேலை நேரம் வகுத்த ஒழுங்கு. அதை மலையகத்தைவிடத் தெளிவாக எங்கும் பார்க்க முடியாது. தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து வந்த நம் முன்னோருக்குக் காலையில் பழஞ்சோறோ கஞ்சியோ, பொழுது சாய்ந்த பின் சுடச்சுடச் சமைத்த சோறு. இங்கே விடியும் முன்பே, வேலைக்குப் பேர் எடுக்கும் பிரட்டுக்குக் கூப்பிடும் தப்பு அடித்தது, கொம்பு ஊதியது. இருட்டில் அடுப்பு மூட்டி, குடித்ததையும் கடித்ததையும் வைத்துக்கொண்டு பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும், பிந்தினால் பேர் இல்லை, அன்றைய சம்பளமும் இல்லை. பகல் சாப்பாடு கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குக் கட்டுப்பட்டது. இரவுச் சாப்பாடு விறகு கிடைப்பதற்கும் தண்ணீர் எடுப்பதற்கும் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவிலிருந்து தூக்கி வருவதற்கும் கட்டுப்பட்டது. பசி எப்போது வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

இன்றும் உங்கள் அம்மாவின் ஒரு நாளை மணி வைத்துப் பாருங்கள். ஐந்து மணிக்குச் சாயத் தண்ணீர், இரண்டு கரண்டிச் சீனி. ஆறரைக்கு ஒரு ரொட்டியில் பாதி, நின்றுகொண்டே. ஒன்பதரைக்கு மலையில் போத்தலில் கொண்டுபோன தேத்தண்ணீர், அதிலும் சீனி. பகல் மீதி ரொட்டியும் கட்டச் சம்பலும், அதுவும் காசுக்காக மேலதிகக் கிலோ எடுக்கும் அவசரம் இருந்தால் ஒரு கை நிரையில் இருக்க மறு கையால். நாலரைக்குக் கொழுந்து நிறுத்து, வீடு வந்து, இன்னொரு தேத்தண்ணீர். சோறு பொங்கி, பருப்போ கிழங்கோ கருவாடோ கறியாக்கி, எல்லாருக்கும் போட்டு அவர் உட்காரும்போது ஒன்பது மணி. அந்த நாளின் உண்மையான சாப்பாடு அதுதான், ஒரு தட்டுச் சோறு மேட்டோடு. பத்து மணிக்குப் படுக்கை.

அதாவது உங்கள் அம்மா முப்பது வருடமாக ஒரு மாதிரி இடைவெளி விரதம்தான் இருந்துவருகிறார், தலைகீழாக. பகலில் மலையேறும் நேரத்தில் வயிறு வெறும், சீனித் தண்ணீர் மட்டும். கணையம் தூங்கும் நேரத்தில் சோற்று மலை. நாளைக்கு ஆறு கோப்பைத் தேத்தண்ணீர் என்றால் பன்னிரண்டு கரண்டிச் சீனி, அது 50 கிராமுக்குக் குறையாது. சாப்பிடாமல் இருந்தால் சீனி வருத்தம் குறையும் என்பது மட்டுமே உண்மையானால் லயத்தில் ஒருவருக்கும் அது வந்திருக்கக் கூடாது.

மெலிந்த உடம்புக்கு ஏன் சீனி வருகிறது என்று கிளினிக்கில் நிறையப் பேர் கேட்பார்கள். கை கால் குச்சி, வயிற்றில் மட்டும் சதை. தென்னாசிய உடம்பு குறைந்த எடையிலேயே வயிற்றுக்குள்ளே கொழுப்பைச் சேர்க்கிறது. அதனால்தான் ஆசியர்களுக்கு எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறைச் சுட்டி 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. அதோடு கருவில் இருந்தபோது கிடைத்த சாப்பாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1944, 45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் உணவை மறித்ததால் நெதர்லாந்தில் பெரும் பஞ்சம் வந்தது. அப்போது தாய் வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதளவில் பரிசோதித்தபோது, அவர்களின் உடம்பு சீனியைக் கையாளும் திறன் குறைந்திருந்தது தெரிந்தது. கருவிலேயே பஞ்சத்துக்குத் தயாரான உடம்பு, பிறகு வந்த நிறைந்த தட்டைப் பார்த்துத் திணறுகிறது.

அம்மா பிறந்தது 1974 என்று எழுதியிருந்தீர்கள். அந்த வருடத்தைப் படித்ததும் நான் சற்று நேரம் எழுதாமல் இருந்தேன். 1973, 74 தோட்டங்களில் பஞ்ச காலம். அரிசிக் கூப்பன் வெட்டு, மாத் தட்டுப்பாடு, பாணுக்கு விடியாத இருட்டிலேயே வரிசை, தோட்டத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் வேலை. தோட்டங்களில் சாவு அந்த வருடங்களில் வெளிப்படையாகக் கூடியது. பிழைக்க வழியின்றிப் பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் இறங்கிப் போயின. எனக்கு அப்போது பத்து வயது. மரவள்ளிக்கிழங்கை எங்களுக்குப் பங்கு வைத்துவிட்டு எங்கள் அம்மா, "எனக்கு இன்றைக்கு வெள்ளிக்கிழமை விரதம்" என்பார். அந்த வருடம் எங்கள் வீட்டில் வாரத்துக்கு நான்கு வெள்ளிக்கிழமை வந்தது. நான் கணக்கில் கெட்டிக்காரி, ஆனால் அதை மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை.

உங்கள் அம்மாவின் வருத்தத்துக்கு அந்தப் பஞ்சம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, தனியொருவர் விஷயத்தில் அப்படிச் சொல்லவும் முடியாது. பட்டினியை மருந்தாகப் பேசுகிறவர்கள், அதை மருந்துச் சீட்டில்லாமல் தலைமுறையாகச் சாப்பிட்டவர்களும் உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள் என்றுதான் சொல்கிறேன். 2022இல் விலையேறியபோதும் லயங்களில் எத்தனையோ வீடுகள் வேளையைக் குறைத்தன. அவர்களிடம் போய் வேளையைக் குறைப்பது நல்லது என்று சொல்ல எனக்கு நா எழாது.

"லங்கணம் பரம ஔடதம்", அதாவது பட்டினியே பெரிய மருந்து, என்று நாமும்தானே சொல்கிறோம் என்பீர்கள். சொல்கிறோம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் நம் விரதங்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கந்தசஷ்டி ஆறு நாள். கேதார கௌரி இருபத்தொரு நாள், அதுவும் பலர் ஒரு பொழுது சாப்பிட்டே பிடிப்பது. காமன் கூத்துக் கட்டுகிறவர் காப்புக் கட்டிய நாளிலிருந்து. எல்லாவற்றுக்கும் ஒரு தொடக்கம், ஒரு முடிவு, முடிவில் பாரணை. பிடிக்கிறவர் தானாகப் பிடிப்பது, முடியாதவருக்குப் பாலும் பழமும் என்ற விலக்கும் உண்டு. கர்ப்பிணியையும் குழந்தையையும் நோயாளியையும் யாரும் வற்புறுத்துவதில்லை. வருடம் முழுவதும், நாள் தவறாமல், யாருக்கும் விலக்கில்லாமல் என்ற வடிவம் நம் வீடுகளுக்குப் புதிதாக வந்தது.

நோன்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீரிழிவுக்காரர் பட்டினியைப் பத்திரமாக எப்படிக் கடப்பது என்று மருத்துவத்துக்கு நன்றாகத் தெரிந்திருப்பது ரமழானால்தான். நாம் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே நோன்பு எந்த மாதத்தில் வந்தாலும் பதின்மூன்றரை மணித்தியாலம் அளவில் நிற்கும். ஹட்டன் டவுனில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நோயாளிகள் நோன்புக்கு ஒரு மாதம் முன்பே கொப்பியோடு வந்துவிடுவார்கள். வைத்தியர் காலைக் குளிசையை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுவார், சிலருக்கு அளவைக் குறைப்பார், சிலரிடம் உங்களுக்கு இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். சீனி 70க்குக் கீழே இறங்கினால் அந்த நிமிடமே நோன்பை விட வேண்டும் என்று வாக்குறுதி வாங்கிக்கொள்வார். அம்மா எப்போதாவது இடைவெளி விட்டுச் சாப்பிட விரும்பினால் வழி அதுதான், முதலில் கொப்பி, பிறகு மணிக்கூடு.

சரி, அம்மாவுக்கு ஒன்றும் செய்ய முடியாதா? நிறையச் செய்யலாம், பட்டினி இல்லாமலே. என்னிடம் ஒரே ஒரு மாற்றம் கேட்டால், இரவுச் சோற்றை முன்னுக்குத் தள்ளுங்கள் என்பேன். கொழுந்து நிறுத்து வந்ததும் ஐந்தரைக்கு அந்தத் தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் போகிற இடத்தில் சாப்பாட்டையே வையுங்கள். அதற்கு வீட்டில் வேறு யாராவது உலை வைத்திருக்க வேண்டும். அப்பா ஓய்வில் இருந்தால் அவர் வைக்கலாம், அரிசி கழுவுவதற்கு ஆண் பெண் பேதமில்லை. ஆறரைக்குள் சாப்பிட்டு முடித்தால், ஐந்து மணிச் சாயத் தண்ணீரைக் கணக்கில் எடுக்காவிட்டால், மறுநாள் காலை ஆறரை ரொட்டி வரை தானாகவே பன்னிரண்டு மணித்தியால இடைவெளி வந்துவிடும். அதில் பெரும்பகுதி தூக்கத்தில் போகும். குளிசையைக் காலைச் சாப்பாட்டோடும் இரவுச் சாப்பாட்டோடும் போடச் சொல்லியிருந்தால், இந்த நேர மாற்றத்தையும் கிளினிக்கில் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

அடுத்தது காலைப் பாதி ரொட்டி. அதை முழு வேளையாக்க வேண்டும். கோதுமை மாவில் மட்டும் சுட்டால் அது விரைவில் சீனியாக ஏறி, மலையில் பத்து மணிக்கே தளர்த்தும். கொஞ்சம் குரக்கன் மாவும் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிசையலாம், கூடவே ஒரு அவித்த முட்டை, அல்லது அவித்த கடலை, அல்லது பருப்பு. ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்குத் தசை போனால் திரும்பி வருவது கடினம். அந்த அமெரிக்கச் சோதனையில் குறைந்த எடையில் தசையும் இருந்தது நினைவிருக்கட்டும். சரிவில் இறங்கும்போது முழங்காலைக் காப்பாற்றுவது அந்தத் தசைதான். நெத்தலி, சோயா மீட், பயறு, எது மலிவோ அது.

தேத்தண்ணீரை நிறுத்தச் சொல்லி நான் ஒருவரையும் கேட்டதில்லை. தேயிலைத் தோட்டத்தில் அதைச் சொன்னால் என்னையே கவ்வாத்துக் கத்தியால் துரத்துவார்கள். சீனியை மட்டும் இரண்டு கரண்டியிலிருந்து ஒன்று, ஒன்றிலிருந்து அரை என்று இரண்டு மாதத்தில் இறக்கலாம். நாக்கு பழகிவிடும். கோப்பைக்குள் கரைக்காமல் ஒரு சின்னத் துண்டு பனங்கருப்பட்டியைக் கடித்துக் குடித்தாலும் மொத்தத்தில் குறையும், ஆனால் கருப்பட்டியும் சீனிதான், அது மருந்து என்று நினைத்து இரண்டு துண்டு கடிக்கக் கூடாது. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணீர் குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்டும். நம் பெண்களில் இரத்தச்சோகை உள்ளவர்கள் நிறையப் பேர்.

வீட்டில் குடிக்கிற ஆண்கள் இருந்தால் இதையும் சொல்லிவையுங்கள். பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்து மாலையில் வெறும் வயிற்றில் சாராயமோ கசிப்போ ஊற்றினால், ஈரல் புதிதாகக் குளுக்கோஸ் செய்யும் வேலையை மது நிறுத்திவிடும். டின்னும் காலி, கடையும் பூட்டு. வெறியில் விழுந்து கிடக்கிறான் என்று விட்டுவிட்டுப் போன ஆளுக்குச் சீனி இறங்கிக் கிடந்ததை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் எட்டு மணித்தியாலக் கதவைப் பகல் பன்னிரண்டுக்கு வைக்காமல் காலை எட்டரைக்குத் திறந்து மாலை நாலரை, ஐந்துக்குச் சாத்த முடிந்தால் உடம்புக்கு இன்னும் உகந்தது. கொழும்பு வேலையில் அது நடவாது என்பீர்கள். அப்படியானால் இரவு எட்டு மணியை ஏழுக்குக் கொண்டுவந்தாலே போதும், பகலில் முட்டை மீன் பருப்பைக் குறைக்காதீர்கள். தலையிடி, கேஸ்ட்ரைட்டிஸ் எரிச்சல், இரவில் கட்டுப்பாடு அறுந்து டின்னோடு தின்னும் ஆவேசம், இவற்றில் ஒன்று வந்தால் அந்த முறை உங்களுக்கு ஒத்துவரவில்லை. அதைத் தோல்வி என்று எடுக்க வேண்டாம். தாலி கட்டிக்கொண்ட பின் மனைவி பிள்ளை உண்டாகியிருக்கும்போதோ பால் கொடுக்கும்போதோ அவளையும் இதில் சேர்க்க நினைத்தால் மட்டும் என்னிடம் ஏச்சு வாங்குவீர்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவின் கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அலுமாரியில் சேலைக்கு அடியில் வைத்திருப்பார். கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கும் குளிசைகளின் பெயரையும், காலை, இரவு என்று போட்டிருக்கும் அளவையும், கடைசி மூன்று முறை எடுத்த சீனியையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கிளினிக் நாளில் ஒரு நாள் லீவு போட்டுக் கூடவே போய், சாப்பிடும் நேரத்தை முன்னுக்குத் தள்ளப்போகிறோம், குளிசையை எப்போது போடுவது என்று கேளுங்கள். அவருடைய பையில் ஒரு பொட்டலம் சீனியும் இரண்டு மாரி பிஸ்கட்டும் இருக்கட்டும், கிளினிக்குக்கும், மலைக்கும்.